இறங்காமல் திறக்கும் படல்

எங்கள் பக்கத்தில் கேட் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் படல்தான். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் கிடக்கும் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம். மாட்டைக் காலையில் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் போதும். மேய்க்க ஆள் வேண்டாம். வேலியும் படலுமே மேய்ப்பன். அதனால்தான் எங்கள் ஊரில் ஒரு பண்ணயக்காரரைப் பற்றி விசாரிக்கும்போது, அவர் வீட்டைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். "வேலி எப்படி வெச்சிருக்காரு?" என்றுதான் கேட்பார்கள்.

என் அப்பாரு காலத்தில் இருந்த படல், மூங்கிலைக் கட்டி நடுவில் வேலமுள்ளைச் செருகியது. ஒரு ஓரத்தைத் தூக்கி, அரைவட்டமாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். சவாரி வண்டியில் வந்தால் அப்பாரு மட்டும் இறங்குவார். படலை இழுப்பார். மாடுகள் தாமாக வண்டியை உள்ளே இழுத்துப் போய்ப் பத்தடி தள்ளி நிற்கும். அவர் படலைச் சாத்திவிட்டு வந்து ஏறியதும் கிளம்பும். யாரும் அவற்றுக்கு ஒரு சொல் சொன்னதில்லை. அந்த வசதி மோட்டார் வண்டியில் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

காரில் வந்தால் என்ன நடக்கும்? வண்டியை நிறுத்து, இறங்கு, கொண்டியை எடு, கேட்டைத் தள்ளு, திரும்பி வந்து ஏறு, உள்ளே ஓட்டு, மறுபடி இறங்கு, போய்ச் சாத்து, வந்து ஏறு. ஒரு தடவை உள்ளே வர இரண்டு முறை இறங்கி இரண்டு முறை ஏற வேண்டும். நாளைக்கு இரண்டு தடவை வெளியே போய் வந்தால் எட்டு முறை. இருபத்தைந்து வயதில் இது கணக்கிலேயே வராது. எழுபதைத் தாண்டிய பிறகு, அதுவும் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ஒவ்வொன்றும் கணக்கில் வரும்.

அவள்தான் எப்போதும் இறங்குவாள். நான் வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள். "நீங்க ஸ்டீரிங்கப் புடிங்க, நான் தொறக்கறேன்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை ஊன்றி, அடுத்த காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். மழை நாளில் அந்த இடம் களிமண்ணாக இருக்கும். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய தண்டனை.

பெங்களூரில் இருக்கும் மகன் இரண்டு வருடமாக ஒரே பேச்சு. "அப்பா, கேட்டத் தொறக்கவே உங்க ரெண்டு பேருக்கும் முடியல. அங்க எதுக்கு தனியா இருக்கீங்க? காட்டக் குத்தகைக்கு விட்டுட்டு இங்க வந்துருங்க." அவன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஒன்பது ஏக்கர் கொறங்காடும் ஏழு உருப்படி மாடும் அடுக்குமாடி வீட்டுக்கு வராது. எங்கள் இருவருக்கும் அங்கே நான்கு நாளைக்கு மேல் தூக்கமும் வராது.

இதற்கிடையில் ஒரு காரியம் நடந்தது. எரு ஏற்ற வந்த ஒரு டெம்போக்காரர் வெளியே போகும்போது கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார். மத்தியானம் நாங்கள் சாளைக்குள் இருந்தோம். மாடுகள் வண்டித்தடம் வழியாகத் தார்ச்சாலைக்கு ஏறிவிட்டன. முதல் ஈற்றுக்கு ஏழு மாதச் சினையாக இருந்த மயிலைக் கிடாரியை ஒரு லாரி அடித்துப் போட்டது. அவளுடைய அம்மா, பாட்டி எல்லாம் எங்கள் காட்டிலேயே பிறந்தவை. டெம்போக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கும் ஐம்பத்தைந்து வயது இருக்கும், பாரம் ஏற்றிக் களைத்துப்போயிருப்பார், இரண்டாவது முறை இறங்கிவந்து சாத்த அலுப்புப்பட்டிருப்பார். வேலை சுலபமாக இருந்தால் யாரும் செய்வார்கள். சங்கடமாக இருந்தால் பத்தில் ஒருவர் விட்டுவிடுவார். அந்தப் பத்தாவது ஆளுக்காகத்தான் கேட்டை அமைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்படி எண்ணுவதற்குக் காரணம் நான் பார்த்த வேலை. முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு. அது பின்னால் வரும்.

முதலில் உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். மாடு வளர்க்கும் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் இந்தத் தலைவலி இருந்திருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கத்துப் பண்ணைகளில் 'முட்டு கேட்' என்று ஒன்று இருந்தது. கார் வந்து பம்பரால் மெதுவாக முட்டினால் கேட் விலகிச் சுழலும். உயரமான கம்பத்திலிருந்து கம்பிகளால் அதைத் தொங்கவிட்டிருப்பார்கள். சுழலும்போது கம்பி முறுக்கிக்கொண்டு கேட்டைக் கொஞ்சம் மேலே தூக்கும். கார் போனதும் தன் எடையால் தானே இறங்கி மூடிக்கொள்ளும். ஆனால் அதெல்லாம் காரின் முன்னால் இரும்புக் கட்டை இருந்த காலத்துக்கு. இப்போதைய பிளாஸ்டிக் பம்பரால் முட்டினால், கேட் திறக்கிறதோ இல்லையோ, பம்பர் திறந்துகொள்ளும். மொபெட்டில் வரும் பால்காரர் எதைக்கொண்டு முட்டுவார்?

இன்னொன்று குழிப்பாலம். தடத்தின் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, மேலே தண்டவாளத் துண்டுகளையோ குழாய்களையோ இடைவெளி விட்டுப் போட்டுவிடுவது. சக்கரம் உருண்டு போய்விடும். மாட்டுக்குக் குளம்பு வைக்க இடமில்லாததால் பயந்து நின்றுவிடும். கதவே வேண்டாம். இதன் பூர்வீகம் ரயில்வேதான். அந்தக் காலத்தில் பாதையைச் சாலை கடக்கும் இடங்களில் மாடு தண்டவாளத்துக்குள் நுழையாமல் இருக்க அமெரிக்காவில் போட்டார்கள், பிறகு பண்ணைகளுக்கும் போனது. நல்ல யோசனை. ஆனால் எங்கள் ஊர் வெள்ளாடு அதன்மேல் பரதநாட்டியம் ஆடிக்கொண்டே போய்விடும். கன்றுக்குட்டி அவசரத்தில் தாயைத் தேடி ஓடினால் கால் உள்ளே போய்விடும். உழவுக்கு வரும் ஜோடி மாடு தாண்டவே முடியாது, அதற்குப் பக்கத்தில் வேறொரு கேட் வைக்க வேண்டும். ஐப்பசியில் பள்ளம் நிறைந்தால் பாம்பும் தவளையும் குடியேறும்.

நியூசிலாந்து பக்கம் மின்வேலிக்காரர்கள், இருபுறமும் மீசை மாதிரி வளையும் கம்பிகளை நீட்டி மின்னதிர்ச்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். கார் அதை ஒதுக்கிக்கொண்டு நடுவே போகும். நடந்து வருகிறவர் கதி? எங்கள் தபால்காரரை நினைத்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

மகன் சொன்னது சூரிய மின்தகடு, பேட்டரி, மோட்டார், ரிமோட். விலை விசாரித்தேன், 60,000 ரூபாய்க்குக் குறையவில்லை. பணம்கூடப் பரவாயில்லை. எனக்குச் சம்மதமில்லாததற்குக் காரணம் வேறு. எங்கள் கேட் வழியாகப் பால்காரர், கால்நடை மருத்துவர், மின்கணக்கு எடுப்பவர், எரு வண்டி, பங்காளி வீட்டு டிராக்டர் எல்லாம் வருகின்றன. எத்தனை பேருக்கு ரிமோட் கொடுப்பது? இல்லாதவர்கள் வந்து ஹாரன் அடித்தால், யார் முழங்காலோடு நடந்து போவது? தவிரவும், திறந்தவெளிப் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியிருப்பதை முப்பத்தாறு வருடம் பார்த்தவன் நான். சித்திரையில் ஒரு இடி விழுந்தால் அந்தச் சின்னப் பலகை போய்விடும். அப்புறம் கம்பெனியிலிருந்து ஆள் வரும்வரை கேட் எந்த நிலையில் நிற்கிறதோ அந்த நிலைதான்.

கடைசியாக எனக்குப் பிடித்தது, குதிரை வண்டிக் காலத்துக் கேட். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இப்படிப்பட்ட கேட்டுகளுக்கு எத்தனையோ காப்புரிமைகள் வாங்கியிருக்கிறார்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே தொங்கும் கயிற்றை இழுத்தால், நெம்புகோல் வழியாகக் கீல் நகர்ந்து, கேட் தன் எடையாலேயே சரிந்து திறக்கும். வரைபடத்தைப் பார்த்ததும், அட, இது நம்ம கைகாட்டி ஆயிற்றே என்று சிரித்துவிட்டேன்.

உங்களில் பலருக்குப் பழைய கைகாட்டி நினைவிருக்கும். கேபினில் லீவரை இழுத்தால், கப்பிகள் மேல் ஓடும் கம்பி தூரத்தில் இருக்கும் கம்பத்தில் கையை இறக்கும். படுக்கையாக இருந்தால் நில், சாய்ந்தால் போ. அதில் பலர் கவனிக்காத ஒரு பொருள், கம்பத்தில் தொங்கும் எடைக்கட்டி. வழியில் கம்பி அறுந்தால் என்ன ஆகும்? எடைக்கட்டி இறங்கி, கையைப் படுக்கைக்குத் தூக்கிவிடும். அதாவது 'நில்'. எது உடைந்தாலும் ரயில் நிற்க வேண்டும், ஓடக்கூடாது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். ஸ்பிரிங்கை நம்பாதே, எடையை நம்பு. ஸ்பிரிங் களைத்துப்போகும், பூமியின் இழுப்பு களைக்காது என்பார் என் மேஸ்திரி.

என் கேட்டுக்கும் அதையே விதியாக வைத்தேன். எது அறுந்தாலும் கேட் மூடிக்கொள்ள வேண்டும். யாரும் சாத்தக்கூடாது, அதுவாகச் சாத்த வேண்டும். மின்சாரம் கூடாது. காரிலிருந்தும், டிராக்டரிலிருந்தும், மொபெட்டிலிருந்தும், நடந்து வந்தும் ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். பழுதானால் எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே சரிசெய்ய முடிய வேண்டும்.

இனி அமைப்பைச் சொல்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் சில பத்திகளைத் தாண்டிப் போகலாம், தப்பில்லை.

சாய்ந்த நிலைக்கதவு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். பழைய வீட்டில் நிலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கதவு தானாகப் போய்ச் சாத்திக்கொள்ளும், அல்லது எவ்வளவு சாத்தினாலும் திறந்துகொள்ளும். மேல்கீல் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறதோ, கதவு அந்தத் திசைக்குப் போய்த்தான் அடங்கும். ஏனென்றால் அங்கேதான் அதன் எடை கீழே இருக்கும். அப்படியானால் மேல்கீலின் சாய்வுத் திசையை மட்டும் மாற்ற முடிந்தால், கேட்டைத் தொடாமலே திறக்கலாம், மூடலாம்.

எங்கள் காடு சாலைக்கு மேற்கே. தடத்தின் வடபுறம் கேட் கம்பம், மூடியிருக்கும்போது கேட் தெற்கே நீட்டி நிற்கும், திறந்தால் உள்ளே மேற்கே திரும்பும். கம்பத்தின் உச்சியில் படுக்கையாக ஒரு இரும்பு வட்டு, பேரிங்கில் சுழலும்படி வைத்தேன். வட்டின் மையத்திலிருந்து 2 அங்குலம் தள்ளி ஒரு முளை. அதுதான் மேல்கீல். கீழ்க்கீல் வட்டின் மையத்துக்கு நேர் கீழே, 4 அடி தாழ்வில். முளை தெற்கே இருந்தால் கேட் தெற்கே போகும், மூடும். வட்டைக் கால்வட்டம் திருப்பி முளையை மேற்கே கொண்டுவந்தால் கேட் மேற்கே போகும், திறக்கும். 4 அடிக்கு 2 அங்குலச் சாய்வு, அவ்வளவே. பார்த்தால் சாய்ந்திருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

கேட் 11 அடி நீளம், ஜிஐ குழாய்ச் சட்டத்தில் வலை அடித்தது, 40 கிலோ. இந்தச் சாய்வில் அதன் நுனியில் வரும் பலம் ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒரு குழந்தை கையால் தடுத்தாலும் நிற்கும். கார் மேல் பட்டாலும் பெயின்ட் உரியாதபடி நுனியில் பழைய டியூப் சுற்றியிருக்கிறது. ஆனால் ஒரு கிலோ பலத்தில் சாத்தியிருக்கும் கேட்டைக் காங்கேயம் மாடு மதிக்குமா? கொம்பால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போகும். அதற்குக் கொண்டி வேண்டும்.

இங்கேயும் ரயில்வேதான் கைகொடுத்தது. பாயிண்ட் மாற்றுவதற்கு ஒரு பூட்டு உண்டு. லீவரின் ஒரே இழுப்பில் முதலில் பூட்டு விலகும், பிறகு தண்டவாளம் நகரும், கடைசியில் மறுபடி பூட்டும். ஒரே அசைவை மூன்று வேலைக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. அதே மாதிரி, கயிற்றின் முதல் ஓரிரு அங்குல அசைவு, கேட்டின் மேல்சட்டத்தோடு ஓடும் ஒரு கம்பி வழியாக நுனியில் உள்ள கொண்டியைத் தூக்கும். அதற்குப் பிறகுதான் வட்டு திரும்ப ஆரம்பிக்கும். மூடும்போது கேட் வந்து சேர்ந்ததும் கொண்டி தானே சரிவில் ஏறிப் பள்ளத்தில் விழும்.

சரி, திறந்தாயிற்று. வண்டி போகும்வரை திறந்தே நிற்க வேண்டுமே? கயிற்றைப் பிடித்துக்கொண்டே காரை ஓட்ட முடியாது. இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். விடை அடிபம்பில் இருந்தது.

6 அங்குல பிவிசி குழாய் ஒன்றின் அடியை மூடி, கம்பத்தோடு நிறுத்தி, பட்டறையில் வீணாகும் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றினேன். அதற்குள் 5 கிலோ இரும்பு வட்டு ஒன்று, பிஸ்டன் மாதிரி. அடிபம்பின் பிஸ்டனில் இருப்பதுபோலவே அதற்குத் தோல் வாய்மூடி. மேலே தூக்கும்போது தோல் திறந்து ஆயில் சுலபமாகக் கீழே போய்விடும். விட்டுவிட்டால் தோல் மூடிக்கொள்ளும், ஆயில் அரை அங்குலத் துளை ஒன்றின் வழியாகத்தான் மேலேற வேண்டும். அதனால் எடை சாவகாசமாக 2 அடி இறங்க முக்கால் நிமிடம் ஆகிறது. துளையை முதலில் சிறிதாகப் போட்டு, நேரம் பார்த்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினோம்.

ஆக, கயிற்றை இழுத்தால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கிறது. வட்டு மேற்கே திரும்புகிறது, எடை மேலே போகிறது. கையை விட்டதும் எடை இறங்குகிறது. ஆனால் எடைக்கும் வட்டுக்கும் இடையிலுள்ள கம்பியில் வேண்டுமென்றே தொய்வு விட்டிருக்கிறேன். முதல் முக்கால்வாசி இறக்கத்தில் தொய்வு மட்டும்தான் குறையும், கேட் திறந்தே நிற்கும். கடைசிக் கால்வாசியில் கம்பி விறைத்து வட்டைத் தெற்கே திருப்பும். கேட் யாரோ கைபிடித்து அழைத்து வருவது மாதிரி மெல்ல வந்து சாத்திக்கொள்ளும். திறப்பது மட்டும் கொஞ்சம் வேகம். ஐந்து எண்ணுவதற்குள் போய் அடிக்கும். அந்த இடத்தில் பழைய லாரி டயரைப் பாதி புதைத்துவிட்டேன்.

இழுகயிறு அறுந்தால் எடை கீழேயே இருக்கும், கேட் மூடியே இருக்கும். அறுந்தால் கேட் திறந்தே நின்றுவிடக்கூடிய கம்பி ஒன்றே ஒன்றுதான், எடையிலிருந்து வட்டுக்குப் போவது. அதை மட்டும் இரட்டைக் கம்பியாகப் போட்டேன்.

கயிறு எங்கே தொங்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் அளந்து பார்த்த விஷயம். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம். அதனால் உள்ளே வருகிறவருக்குத் தடத்தின் வடபுறமும், வெளியே போகிறவருக்குத் தென்புறமும் வேண்டும். வெளிக்கம்பம் கேட்டிலிருந்து 12 அடியில் நட்டால் போதும், ஏனென்றால் கேட் அந்தப் பக்கம் வராது. உள்கம்பத்தை அப்படி நட்டால் திறக்கும் கேட் காரின் மூக்கில் அடிக்கும். கேட் 11 அடி, ஓட்டுநருக்கு முன்னால் காரின் மூக்கு 6 அடி, கொஞ்சம் தாராளம் சேர்த்து 25 அடியில் நட்டேன். அங்கிருந்து கம்பி தடத்துக்கு அடியில் 2 அங்குலக் குழாய்க்குள் வருகிறது. மேலே கொண்டுபோயிருந்தால் வைக்கோல் பாரம் இடிக்கும். கப்பிகள் உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியவை. பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கடைக்காரர், "எதுக்குங்க இத்தன கப்பி, பெரியவர் கெணறு ஏதாச்சும் எறைக்கறீங்களா?" என்றார்.

அவர் கேட்டது பொருத்தம்தான். வில்தராசு வைத்துப் பார்த்தேன், இழுவை 9 கிலோ. அரை வாளித் தண்ணீர் சேந்தும் பலம். என் மனைவி பிறந்த வீட்டுக் கிணறு அறுபது அடி. அவளுக்குக் கால்தான் போயிற்று, கையில் அந்தப் பலம் அப்படியே இருக்கிறது.

வெல்டிங் பட்டறைத் தம்பிக்கு ஆரம்பத்தில் நம்பிக்கையே இல்லை. "அண்ணா, மேல்கீலு நகரும்ங்கறீங்க. கீலு நகர்ந்தா கேட்டு உழுந்துராதா?" என்று மூன்று முறை கேட்டார். துடைப்பக்குச்சியும் சோடா மூடியும் வைத்து ஒரு பொம்மை செய்து காட்டிய பிறகுதான் கட்டிங் மெஷினை எடுத்தார். வேலை ஆரம்பித்த பிறகு அவரே கொண்டியின் சரிவை என்னைவிட நன்றாக அமைத்துக் கொடுத்தார். ஒன்பது நாள் ஆனது. சாமான், கூலி எல்லாம் சேர்த்து 31,400 ரூபாய். அதில் பாதி கம்பத்துக்கும் அதன் காங்கிரீட் அடித்தளத்துக்கும். கேட்டின் எடை முழுவதும் கம்பத்தின் தலையைத்தான் இழுக்கும். கம்பம் அரை அங்குலம் சாய்ந்தால் நம் 2 அங்குலக் கணக்கு என்ன ஆவது? அங்கே மட்டும் காசு பார்க்கக்கூடாது. யாராவது செய்யப்போனால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், 4 அடி ஆழம், அதுவும் களிமண்ணைத் தாண்டிச் சரளை வரும்வரை.

போன வருடம் ஆவணியில் முதல் இழுப்பு. நல்ல நாள் பார்த்து அவளைத்தான் இழுக்கச் சொன்னேன். காரை நான் வலப்பக்கம் நிறுத்தினால் கயிறு என் பக்கம் அல்லவா வரும். அதனால் அன்று மட்டும் காரைத் திருப்பிப் பின்பக்கமாக வந்தேன். கண்ணாடியை இறக்கிக் கயிற்றின் நுனியில் இருந்த குழாய்த் துண்டைப் பிடித்து இழுத்தாள். கொண்டி 'டக்' என்றது. கேட் போய் டயரில் முட்டி நின்றது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போனதும் பின்னால் திரும்பி, கேட் வந்து சாத்தும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னொருக்கா போலாங்களா?" என்றாள். அன்று நான்கு முறை போய் வந்தோம். டீசல் விலையை நான் எடுத்துச் சொல்லவில்லை.

மாடுகளும் சும்மா இருக்கவில்லை. கை வியர்வை உப்பு கயிற்றில் ஏறியிருக்கும் போல, உள்கம்பத்துக் கயிற்றை மயிலை ஒன்று நக்க ஆரம்பித்தது. நக்கியது இழுப்பாக மாற எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று கல்தூண் நட்டு, கார் பக்கம் மட்டும் கை எட்டும்படி மறைப்பு கட்டினேன். நூல் கயிற்றை எடுத்துவிட்டுக் கம்பி போட்டேன். கம்பியில் அதற்கு ருசி இல்லை.

பருவத்துக்குப் பருவம் கேட்டின் குணம் மாறுகிறது. மார்கழிக் காலையில் ஆயில் கெட்டியாகி ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்தே நிற்கும். சித்திரை மத்தியானத்தில் அரை நிமிடத்தில் சாத்திக்கொள்ளும், டிராக்டர் டிரெய்லரோடு வருகிறவர் கொஞ்சம் சுறுசுறுப்பாக வர வேண்டும். வெயிலில் இழுகம்பி நீண்டு தொய்வதும் உண்டு. கைகாட்டிக்கும் அதே நோய். கோடையில் கம்பி நீண்டு, லீவரை இழுத்தாலும் கை பாதிதான் இறங்கும், நாங்கள் ஓடுவோம். கேட்டுக்கு ஒரு திருகு வைத்திருக்கிறேன். பங்குனியில் நான்கு சுற்று முறுக்கி, புரட்டாசியில் நான்கு சுற்று தளர்த்துகிறேன். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கையில் கிரீஸ் ஒட்டுவது ஒரு சுகம்தான்.

பால்காரர் டிவிஎஸ் 50-ஐ நிறுத்தாமலே, காலை ஊன்றி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகிறார். கால்நடை மருத்துவர் முதல் நாள் கேட் தானாகச் சாத்துவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து படம் எடுத்துக்கொண்டார். நடந்து வருகிறவர்களுக்குக் கேட்டைத் திறக்கவே வேண்டாம், பக்கத்தில் பழைய கடவு அப்படியே இருக்கிறது. ஆள் ஒருக்களித்து நுழையலாம், மாடு நுழையாது. இந்த ஒரு வருடத்தில் கேட் திறந்து கிடந்தது என்று ஒரு நாளும் இல்லை.

தீபாவளிக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். இருட்டின பிறகு. தொலைபேசியில் சொல்லியிருந்தேன், வலப்பக்கம் சிவப்புக் குழாயை இழு என்று. விளக்கு வெளிச்சத்தில் கேட் திறந்து, கார் வந்து, பின்னால் சாத்திக்கொண்டதைச் சாளைத் திண்ணையிலிருந்து பார்த்தோம். சாப்பிட்டு முடித்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு பேரனோடு போனான். முக்கால் மணி நேரம் திரும்பவில்லை. கொண்டியின் 'டக்' சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. வந்தவன், "அந்த ஆயில் குழாய்க்கு மேல மூடி ஒண்ணு போடணும்ப்பா, மழத்தண்ணி எறங்குது" என்றான். பெங்களூர் பேச்சை எடுக்கவில்லை.

மூடி போட்டாயிற்று. பழைய அலுமினியக் குண்டா ஒன்றைக் கவிழ்த்து, கம்பி போக ஒரு துளை போட்டேன். இந்த ஐப்பசி மழைக்கு ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை.